வெளியே நாற்பத்தெட்டு டிகிரி

மாலை நாலு மணிக்கே வீடு இருட்டிவிட்டது. ஜன்னல் திரைகள் தாமாகவே சரசரவென்று இறங்கின. மின்விசிறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சுழல ஆரம்பித்தன.

"வெளியில நாப்பத்தெட்டு டிகிரி!" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், போனைப் பார்த்தபடி.

"நான் இப்பத்தான் கீழ போய் பால் வாங்கிட்டு வந்தேன். காத்து நல்லா வீசுது," என்றாள் அவர் மனைவி. போன் வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சூட்டை அளந்து திரை, ஜன்னல், மின்விசிறி எல்லாவற்றையும் தானாக இயக்கவென்று பால்கனிச் சுவரில் அவர் மாட்டிய மூன்றாவது சென்சார் இது. முதலாவது மலிவானது, வெயில் பட்டதும் ஐம்பத்திரண்டு காட்டியது. இரண்டாவது தண்ணீர் புகாத ரகம். ஒரு தூறல் விழுந்ததற்கு இரண்டு நாள் ஈரப்பதம் தொண்ணூற்றொன்பது என்று சாதித்து, ஜன்னலையே திறக்க விடவில்லை. மூன்றாவதன் விலையை அவர் மனைவியிடம் சொல்லவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன். அப்புறம் எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டு எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, பழைய சுவிட்சையே வைக்கச் சொல்லிடுவேன்," என்றாள் மனைவி.

தலைமையாசிரியர் இறங்கிக் கிடந்த திரைகளைப் பார்த்தார். பணி ஓய்வுக்குப் பிறகு இந்த வீட்டில் அவர் சொன்னதைக் கேட்பவை அந்தத் திரைகள் மட்டும்தான்.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள். குடிவந்து இரண்டு மாதம்தான். தினமும் காலையில் வானிலை ஆய்வு மையத்தின் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். கழுத்தில் அந்த மையத்தின் அடையாள அட்டை தொங்கும். அன்று அவள் திரும்பி வந்ததும் மாடிப்படியிலேயே மடக்கினார்.

"ஏம்மா, எந்த சென்சார் வாங்கலாம்? உங்க ஆபீஸ்ல எது வச்சிருக்கீங்க?"

"சார், நான் அங்க வந்து..."

"அடக்கமே வேண்டாம். நிறைகுடம் தளும்பாதுன்னு எனக்குத் தெரியும்!" முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தவர். அடுத்தவர் ஆரம்பிக்கும் வாக்கியத்தை முடித்துவைப்பது அவருக்குக் கைவந்த கலை.

"அந்தப் பொண்ணக் கொஞ்சம் பேச விடுங்களேன்," என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. அவர் காதில் விழவில்லை.

பால்கனிக்கு வந்த அந்தப் பெண், போனில் அவர் நீட்டிய எண்களைப் பார்க்கவே இல்லை. சுவரைத் தொட்டாள். சுட்டது போல விரலை இழுத்துக்கொண்டாள்.

"சென்சார் பாவம் சார், அது மேல தப்பில்ல. சுவரோட சூட்டத்தான் காட்டுது. அதுக்கு ஒரு பெட்டி வேணும். நாலு பக்கமும் சாய்வுப் பலகை, இடையில காத்து போகணும், வெயிலும் மழையும் நேரா படக் கூடாது. சுவர்ல ஒட்டாம, தோள் உயரத்துல தனியா நிக்கணும். உள்ளயும் வெளியயும் நல்ல வெள்ளை. ரெண்டு கோட்டு."

தலைமையாசிரியர் மாணவனைப் போலக் குறித்துக்கொண்டார்.

"பெட்டிய மட்டும் செஞ்சு வாங்குங்க சார். பெயிண்ட நானே வந்து அடிச்சுத் தரேன்."

"ஐயையோ! உங்க கையில பிரஷ்ஷா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!"

அவரே அடித்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தவள் பலகையை முகர்ந்தாள், ஓரத்தை நகத்தால் சுரண்டினாள், முகம் சுளித்தாள். "முதல் கோட்டு காயறதுக்குள்ள ரெண்டாவது அடிச்சிருக்கீங்க சார். உரிஞ்சு வந்துடும்." மனிதர் மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து முதலிலிருந்து அடித்தார்.

ஞாயிறு காலை பெட்டிக்குள் சென்சாரை வைத்தார்கள். விலை உயர்ந்தது வேண்டாம், அந்த முதல் மலிவுச் சென்சாரே போதும் என்றாள் அவள். மதியம் இரண்டு மணிக்கு அது முப்பத்துநாலு காட்டியது. திரைகள் அசையவில்லை. மனைவி எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு வர வேண்டாம்ப்பா," என்றாள்.

தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மேதையைத் தன் வீட்டோடு பூட்டி வைத்தால் பாவம் என்று தோன்றியது. அன்று மாலையே குடியிருப்போர் கூட்டம் இருந்தது. செயலாளரிடம் சொல்லி அவளுக்கு ஒரு நாற்காலி முன்வரிசையில் போட வைத்தார்.

கார்கள் நிறுத்தும் இடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. "மேகம் இவங்களைக் கேட்டுட்டுத்தான் நகரும். இவ்வளவு பெரிய விஞ்ஞானி, என் வீட்டு பால்கனில வந்து நின்னாங்க!" கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அந்தப் பெண் மூன்று முறை எழுந்தாள். மூன்று முறையும் அவர் கையமர்த்தி உட்கார வைத்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "மேடம், வர்ற சனிக்கிழமை மொட்டைமாடில என் பொண்ணோட பிறந்தநாள். நூறு பேர் வராங்க. மழை வருமா, வராதா? நீங்க சொல்ற மாதிரி பந்தலுக்குச் சொல்லிடுறேன்."

"கேட்டீங்களா? இப்ப சொல்வாங்க பாருங்க!" என்று பெருமையோடு மைக்கை அவள் கையில் கொடுத்தார் தலைமையாசிரியர்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் அங்க பெயிண்டர்."