சந்தனத்துக்கு அடியில்

கவர்னர் துரை தாத்தாவுக்கென்றே சீமையில் செய்வித்துக் கொடுத்த புலித் துப்பாக்கி என்று அந்த ஜமீன் வீட்டில் பேச்சு. ஆயுத பூஜை தோறும் அதற்குச் சந்தனம் பூசுவது ஆண்களின் உரிமை. சின்ன வயதில் தொடப்போன கோமளவல்லிக்குப் புறங்கையில் பிரம்படி விழுந்தது. "பொட்டப்புள்ள தொட்டா செத்த புலி சிரிக்கும்" என்றார் தாத்தா.

இப்போது அவள் மியூசியத்தில் பழைய ஆயுதங்களுக்குத் துரு எடுக்கிறாள். வீட்டை ஓட்டலாக்கிய அண்ணன் விஜயரகுநாதன், வரவேற்பறையில் மாட்டுவதற்காகத் துப்பாக்கியை அவளிடமே சுத்தம் பண்ணக் கொடுத்தான். திறப்பு விழாவன்று, மாடியறையில் உட்கார்ந்து, கல்லாக இறுகியிருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். அடியில் பட்டாளத்து முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

"இது சிப்பாய் தூக்குன துப்பாக்கி, அண்ணே. பட்டாளம் கழிச்சுப் போட்டதை வாங்கி, முன்கட்டையை அறுத்து, கத்தி மாட்டுற கொக்கியை அரத்தால ராவி, வார்னிஷ் அடிச்சிருக்காங்க. இதே மாதிரி லட்சம் கிடக்கு. இதைத் தொட்டதுக்கா எனக்கு அடி?"

"கத்தாதே கோமு. கீழே பெரிய மனுஷங்க வந்தாச்சு."

"வரட்டும், அவங்களும் கேக்கட்டும்."

அண்ணன் உள்ளே ஓடினான். வெள்ளிக் கிண்ணம் நிறையக் குழைத்த சந்தனத்தோடு திரும்பி வந்தான்.

"முத்திரை மேல கெட்டியாப் பூசிடு. நீயே பூசு. உனக்குத்தான் அவ்வளவு ஆசையாச்சே?"

கோமளவல்லி நான்கு விரலால் சந்தனத்தை அள்ளிக்கொண்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். பட்டுத் தலைப்பாகைக்குக் கீழே, அந்த முகத்தில் இடம் நிறைய இருந்தது.