வாதாமரத்து வீடு

“இந்த மரத்த எடுத்துட்டா ரெண்டு கார் நிறுத்தலாம்” என்றார் டை கட்டியவர்.

“தாராளமா நிறுத்தலாம். ஆனா வீடு நேத்தே முடிஞ்சிடுச்சுங்க” என்றாள் சாவிக்காரம்மா, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி.

அவர் முனகிக்கொண்டே வெளியேறினார். அடுத்ததாக வீடு பார்க்க வந்து கேட்டோரம் நின்றிருந்த பேக்கரிக்காரனுக்கு முகம் தொங்கிப்போனது. அவன் மனைவிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“முடிஞ்சிடுச்சுன்னா, எங்கள எதுக்குங்க வரச் சொன்னாங்க?”

“அவருக்குத்தான் முடிஞ்சிடுச்சு. நீங்க உள்ள வாங்க.”

வீட்டுப் புரோக்கர் முன்பே எச்சரித்திருந்தார். “சாவி வச்சிருக்கற அந்தம்மா சரின்னாதான் வீடு. வந்தவங்க எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டிருக்காங்க. பாத்துப் பேசுங்க.” அதனால், அந்த அம்மா என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடு என்று வழியெல்லாம் கணவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்திருந்தாள் அவள்.

உள்ளே காலை வைத்ததும் ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் குளுகுளுவென்று இருந்தது. சாவிக்காரம்மா பின்னறை விளக்கைப் போட நான்கு சுவிட்சையும் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் எரியவில்லை. “பகல்ல விளக்கு எதுக்கு” என்று விட்டுவிட்டு, நேராகக் கொல்லைக்கு அழைத்துப்போனாள்.

அங்கே வாதாமரம் ஒன்று குடை விரித்து நின்றது. மதிலோரம் ஆளுயரத்துக்குச் செம்பருத்திப் புதர்கள்.

“எல்லாம் நான் வச்சதுதான். குச்சியா கொண்டுவந்து நட்டேன். இப்ப, ஏன்டா வச்சோம்னு இருக்கு. சாக்குச் சாக்கா இலை கொட்டுது. வவ்வால் கடிச்ச கொட்டை தலையில டொக்குனு விழும். செம்பருத்தியில எறும்பு வேற.” மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். “பேசாம எல்லாத்தையும் வெட்டிட்டு ஏசி போட்டுக்கறீங்களா? சொன்னா ஆள் நாளைக்கே வந்துடுவான்.”

“நீங்க சொன்னா சரிதாங்க...” என்று பேக்கரிக்காரன் தலையை ஆட்டத் தொடங்கினான். மனைவி அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

“இவரு ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி நிக்கறாருங்க. பகல்ல தூங்கலாம்னு வந்தா, எங்க தகரக்கூரை இன்னொரு அடுப்பு. மனுஷன் ரொட்டி மாதிரி உப்பிப்போய் எழுந்திருக்கறாரு. எத்தனையோ வீடு பாத்துட்டோம். இங்க வந்துதான் கொட்டாவியே விட்டாரு.”

சாவிக்காரம்மா காலடியில் கிடந்த கொட்டையை மதிலோரம் ஒதுக்கித் தள்ளினாள்.

“இலைய நான் கூட்டிக்கறேன். கொட்டை விழுந்தா விழட்டும். ஆனா மரத்த வெட்டித்தான் வீடு குடுப்பீங்கன்னா, எங்களுக்கு இந்த வீடே வேண்டாங்க.”

கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தாள். கண் கலங்கியதை அவனுக்குக் காட்டவில்லை.

“நீதானே தலையாட்டச் சொன்ன” என்று கிசுகிசுத்தான் அவன்.

“அதுக்குன்னு வெவஸ்தை இல்லாமலா ஆட்டுவாங்க?”

“நில்லும்மா.”

திரும்பினார்கள். சாவிக்காரம்மா மூச்சிரைக்க வந்து, கொத்திலிருந்து சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். “ஒண்ணாந்தேதி வந்துடுங்க. யாரும் ஒரு கிளைகூட வெட்ட மாட்டாங்க.”

பேக்கரிக்காரனுக்கு வாயெல்லாம் பல். மனைவி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“ரொம்ப நன்றிங்கம்மா. உங்க வீட்ட எங்க சொந்த வீடு மாதிரி பாத்துக்குவோம்.”

“என் வீடு பக்கத்து வீடும்மா. அங்க மேற்கு வெயில மறைக்க மரம் வைக்க இடமில்ல, அதான் இங்க வந்து வச்சேன்.”