துண்டு நீட்டுகிறவள்

குற்றாலத்தில் சொரிமுத்து குளிக்கும்போது போட்டோ எடுக்கவும் துண்டு நீட்டவும் மனைவி அனுசியா வெளியே நிற்க வேண்டும். அவளும் நனைந்தால் மூன்று நாள் முகம்கொடுத்துப் பேசமாட்டார். பதினெட்டு சீசன் இப்படியே போனது.

சித்திரையில் அவர் இறந்தார். ஆனியில் தங்கை சுஜிதா அவளை ஐந்தருவிக்கு அழைத்துவந்தாள்.

"அத்தானுக்கு இருந்தது நார்சிசம்னு டாக்டரம்மா சொன்னாவல்லா. தன்னைத் தவிர யாரும் கண்ணுக்குத் தெரியாத கோளாறாம். இனி யாருக்குக்கா பயப்படுத? போய்க் குளி."

அனுசியா அருவிக்குள் அரைமணி நேரம் நின்றாள். வெளியே வந்தபோது சேலை காய்ந்தே இருந்தது. சுஜிதா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

தென்காசி வந்து வீட்டைத் திறந்தார்கள். மாலை போட்ட அவர் படத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அனுசியா தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள். மறுகையில் போனை எடுத்தாள்.