முக்கோணத் தையல்

எனக்கு முதலில் துரோகம் செய்தது என் மச்சினன்தான்.

நான் பை தைக்கும் பட்டறைக்கு நேர் எதிரே அவனும் பை தைக்கும் கடை போட்டான். போட்ட கையோடு என் கட்டிங் ஆளைக் கூட்டிக்கொண்டு போனான். பிறகு தையல்காரர்கள். கடைசியாக, டிசைன் வரையும் பெண்.

"என்ன மாமா, அடுத்து யாரைத் தயார் பண்றீங்க?" என்று கிண்டல் வேறு.

அன்றிலிருந்து அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

அவனிடம் போனவர்களில் பாதிப் பேர் பிறகு தனித்தனியாகக் கடை போட்டார்கள். இப்போது தெரு முழுக்கப் பைதான்.

நேற்று ஒரு பெரிய கம்பெனி அம்மா வந்தார். எனக்கு அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அவரோ எதிர்க்கடையில் வெகுநேரம் இருந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். பையை உள்பக்கம் திருப்பி, வார் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இங்கயும் முக்கோணத் தையலா! தெருவுல எல்லாக் கடையிலும் இதேதான். யார் ஆரம்பிச்சது?"

"நான்தாம்மா. நேரா அடிச்சா பாரம் தாங்காது."

"எதிர்க்கடைக்காரரும் உங்களைத்தான் சொன்னார். வேற ஊர்ல ஃபேக்டரி போட இடம் சும்மாவே தர்றோம்ங்கிறாங்க. இடத்தை வெச்சு என்ன பண்றது? வேலை தெரிஞ்ச கை வேணுமே! தெரு மொத்தத்துக்கும் ஆர்டர் தர்றேன். மாதிரிப் பை மட்டும் நீங்க செய்யுங்க."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மனைவியிடம் ஓடினேன்.

"பார்த்தியா? உன் தம்பி திருடிக்கிட்டுப் போனதெல்லாம் நான் பழக்கின கை!"

"அவன் திருடலை. நான்தான் அனுப்பினேன்."

"என்னது?"

"வேலையே வராத அந்த வருஷம், ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன்னு ஒவ்வொரு மெஷினா வித்துச் சம்பளம் போட்டீங்க. நிறுத்தினா எல்லாரும் ஊரை விட்டே போயிருப்பாங்க. அதான், 'கடன் வாங்கியாவது கடை போட்டு இவங்களை எடுத்துக்கடா'ன்னு தம்பிகிட்ட கெஞ்சினேன். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்."

"அப்போ, இத்தனை வருஷமா நான் திட்டினது?"

"சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டான்."

எதிரே எட்டிப் பார்த்தேன். கடை வாசலில் நின்றுகொண்டு இப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிடக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"கூப்பிடு. ஆனா வந்ததும் என்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்."

"இன்னும் எதுக்கு?"

"மாதிரிப் பைக்கு யார் டிசைன் வரையறது? அந்தப் பொண்ணை அவன் இன்னும் திருப்பி அனுப்பலையே!"