பதில் உண்டா?
பாறசாலையில் லிண்டோவின் மொபைல் கடை மாடியில் கார்டுப் போட்டி. தகரக் கூரையில் மழை இரைகிறது. ஆலீஸின் கை ஒரு கேடயக் கார்டைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறது. காலையில் காரோட்டுக் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்த கை. எலுமிச்சை தேய்த்தும் வாடை போகவில்லை. எதிரே கொல்லயில் ஊர்க்காரன் அனூஜ், அவளுடைய பொன்விளிம்புச் சுறாக் கார்டின் மேல் தன் புலிக் கார்டை ஏவிவிட்டு, "பதில் உண்டா சேச்சி?" என்று கேட்கிறான். அவன் தன் கார்டுக் கட்டிலிருந்து அடுத்ததை உருவிய பிறகுதான் ஆலீஸ் கேடயத்தை மேசையில் வைக்கிறாள். "நேரம் போச்சே," என்கிறான் அனூஜ். "எப்பிடி மக்கா போவும்? நீ ஒருக்கதானே கேட்ட? மூணு தரம் கேட்டாத்தானே முடியும்?" இருவரும் நடுவர் லிண்டோவைப் பார்க்கிறார்கள். "அது ஏலத்துலயாக்கும் சேச்சி. இங்க ஒருக்க கேட்டா போதும். அவன் அடுத்த கார்டு எடுத்தாச்சு. சுறா போச்சு, கேடயம் உங்க கையிலயே இருக்கட்டு." சுறாவின் பிளாஸ்டிக் உறையை முந்தானையால் துடைத்து, மெல்ல ஓரமாக வைக்கிறாள் ஆலீஸ். அவளுக்கு மிச்சம் ஒரு நண்டு; அதுவும் போனால் ஆட்டம் முடிந்தது. புலி மறுபடி வருகிறது. "பதில் உண்டா சேச்சி?" அனூஜின் விரல் கட்டின்மேல் போகிறது, தயங்குகிறது, திரும்பி மடிக்கு வந்துவிடுகிறது. ஏலம் விளிப்பவனைப் போல் குரலை இழுத்து, "ஒருதரம்..." என்கிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள் கேடயம் நண்டின்மேல் இருக்கிறது.