தம் நேரம்

சட்டைப் பையில் இருந்த சிகரெட் மறுபடியும் நசுங்கியிருந்தது. இஸ்திரி மாஸ்டர் அதை வெளியே எடுத்து, குழந்தைக்குத் தலை வாரிவிடுவதுபோலப் பதமாக நீவி நிமிர்த்தி, பைக்குள் செருகிக்கொண்டார்.

"இன்னிக்குமா, மாமா?" என்றான் பக்கத்து மேசையில் நின்ற மச்சினன். "டாக்டரம்மா வந்திருக்காங்க. ஏதோ மிஷின்ல ஊதச் சொல்றாங்களாம். யாரு தம் அடிக்கிறவன், யாரு அடிக்காதவன்னு புட்டுப் புட்டு வச்சிடுமாம்."

"அதான்டா எனக்குப் பயமா இருக்கு."

இருக்காதா பின்னே? அந்தத் துணி ஃபாக்டரியின் கீழ்த்தளத்தில் நாற்காலி என்ற பேச்சே கிடையாது. ஆவி பறக்கும் பெட்டியோடு நாள் முழுக்க நின்றாக வேண்டும். சூப்பர்வைசருக்கும் அதே கதிதான்.

தம் அடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. கட்டடத்துக்குப் பின்னால் போய், சிமென்ட் மேடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். "அந்த அவஸ்தை எனக்குத் தெரியும்ப்பா, போயிட்டு வா" என்று சூப்பர்வைசரே பெரிய மனசோடு அனுப்பிவைத்து, பின்னாலேயே தானும் வந்துவிடுவார். அந்தச் சலுகை போனால் மாஸ்டரின் முட்டி அன்றைக்கே ராஜினாமா கொடுத்துவிடும்.

மாடியில் சுழல் நாற்காலிகளில் இருப்பவர்கள் ஒருத்தர்கூடப் புகைப்பதில்லை. கீழே இருப்பவர்கள் மட்டும் ஏன் இப்படி ஊதித் தள்ளுகிறார்கள் என்று முதலாளிக்கு ஒரே கவலை. அதனால்தான் மிஷினோடு டாக்டரம்மாவை வரவழைத்திருந்தார்.

முதல் ஆளாகப் போன சூப்பர்வைசர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியபடி வெளியே வந்தார். "உள்ளெல்லாம் கரிச்சட்டியாம். என்ன பண்றது, இந்தப் பாழாப்போன பழக்கத்தை விட முடியலியே" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி புலம்பினார்.

அடுத்தது மாஸ்டர். திரைச்சீலைக்குப் பின்னால் போய், குழாயில் வாயை வைத்து, உயிரைக் கொடுத்து ஊதினார்.

டாக்டரம்மா மிஷினைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "சைபர் காட்டுதே. நீங்க சிகரெட் பிடிக்கிறதே இல்லையா?"

மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "பொறந்ததிலேர்ந்து ஒண்ணுகூடப் பத்த வச்சதில்லைம்மா. இந்த ஒத்தை சிகரெட்டைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். தயவுபண்ணி மேல சொல்லிடாதீங்க. அப்புறம் உட்காரவே விட மாட்டாங்க."

டாக்டரம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பயப்படாதீங்க, என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்க சூப்பர்வைசருக்கும் சைபர்தான், அதையே நான் யார்கிட்டயும் சொல்லலியே."