வானிலைக்குப் பின்னால்

"ஏலே கணேசு, பேசாம இரு. வானிலை வருது" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார் கஸ்பார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த அவர் மனைவி மெட்டில்டா, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள்.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பாலகணேஷ், கிரிக்கெட் பார்க்கத்தான் கீழே இறங்கி வந்திருந்தான்.

"பையன் கடலுக்குப் போயிருக்காரா அக்கா?"

அவள் டிவிக்கு இன்னும் கொஞ்சம் அருகே வந்து நின்றாள்.

"பலத்த காற்று வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று சொல்லி முடித்தாள் டிவியில் வந்த பெண். பிறகு ஊர்ப் பெயர்களும் வெயில் அளவும் மட்டும் ஓடின. பின்னால் மெல்லிய கீபோர்டு இசை.

பாலகணேஷ் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினான்.

"ஏலே, வைலே அங்கன!"

"அதான் வானிலை முடிஞ்சிட்டே அண்ணாச்சி?"

கஸ்பார் ரிமோட்டைப் பிடுங்கித் திரும்ப மாற்றினார். அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

"அந்தக் கீபோர்டு எங்க மவன் டெரன்ஸ் வாசிச்சது தம்பி" என்றாள் மெட்டில்டா. "அந்தப் பொண்ணு பேசி முடிச்ச பொறவுதான் தெளிவாக் கேக்கும்."

"அப்படியா! இப்ப மெட்ராஸ்லயா இருக்காரு?"

கஸ்பார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடலுக்குப் போவாண்டாம்லேன்னு நான்தான் கீபோர்டு வாங்கிக் குடுத்து மெட்ராசுக்கு அனுப்புனேன். கடலு அவன விட்டுச்சு. அங்கன லாரி விடலியே."

பாலகணேஷ் எழுந்து நின்றான். கஸ்பார் ரிமோட்டை அவன் கையில் கொடுத்தார்.

"இருந்து கிரிக்கெட்டப் பாருலே. அவன் இனி நாளைக்குத்தான் வருவான்."